கடற்கரையும் குளக்கரையும்: மிதவை உயிரிச் செறிவை ஒப்பிடும் முறையும் கோவைக் குளங்களும்

ஆய்வுச்சுருக்கம்

நீர்நிலைகளில் வாழும் மிதவை உயிரிகளின் செறிவை இடத்திற்கு இடம் ஒப்பிடுவது நீர்வாழ் சூழலியலில் பரவலாக மேற்கொள்ளப்படும் ஆய்வாகும். தமிழகக் கடற்கரையில் இத்தகைய ஒப்பீடு நீண்ட மரபுடையது. அங்கே வளர்ந்த வலை, பருவப் பகுப்பு, அலகு ஆகியவற்றைக் கொங்கு நாட்டின் உள்நாட்டுக் குளங்களுக்கு அப்படியே பொருத்தும்போது பிழைகள் நேர்கின்றன. ஓர் இடத்தின் செறிவாகப் பதிவாகும் எண், நீரில் உள்ள உயிர்களை மட்டும் காட்டுவதில்லை. வலையின் கண்ணளவு, வடிகட்டிய நீரளவு, பருவம், நேரம், காற்று, எண்ணும் அலகு ஆகியவற்றையும் அது சேர்த்தே சுமந்து வருகிறது. இவற்றைப் பொதுவாக்காமல் குளங்களைத் தரவரிசைப்படுத்துதல் இயலாது என்பதையும், செறிவு மிகுதி நீர்நலத்தின் அடையாளம் ஆகாது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. கோவைக் குளங்களுக்கு ஏற்ற பொதுப் பதிவு முறையொன்றையும் முன்வைக்கிறது.

திறவுச்சொற்கள்: மிதவை உயிரிகள், செறிவு, நொய்யல், கோவைக் குளங்கள், மன்னார் வளைகுடா, வெள்ளாற்றுக் கழிமுகம், பாசிப் பெருக்கம்.

முன்னுரை

பிளாங்க்டன் என வழங்கும் மிதவை உயிரிகள் நீரோட்டத்தை எதிர்த்து நீந்த இயலாதவை. நீரின் போக்கிலே அலைபவை. ஒளிச்சேர்க்கையால் உணவாக்கும் டையாட்டம், பசும்பாசி, நீலப்பசும்பாசி முதலியன தாவர மிதவை உயிரிகள். அவற்றை உண்ணும் சக்கர உயிரிகள், நீர்த்தெள்ளுகள், துடுப்புக்காலிகள் முதலியன விலங்கு மிதவை உயிரிகள். மீன் குஞ்சின் முதல் உணவு இவற்றிலிருந்தே கிடைக்கிறது. நீரின் தன்மை மாறினால் சில நாட்களுக்குள்ளேயே இவற்றின் தொகையும் வகையும் மாறிவிடும். ஆகவே நீர்நிலையொன்றின் நிலையை அறிய இவற்றை எண்ணிப் பார்ப்பது நெடுநாளைய வழக்கம்.

கோவை மாநகரின் உக்கடம் பெரியகுளம், வாலாங்குளம், செல்வசிந்தாமணி குளம், முத்தண்ணன் குளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர் குளம் முதலிய நீர்நிலைகள் நொய்யலாற்றின் அணைக்கட்டுகளாலும் வாய்க்கால்களாலும் நீர் பெறும் பழைய அமைப்பைச் சார்ந்தவை. பாசனத்திற்கென அமைந்த இக்குளங்கள் இன்று நகரின் மழைநீரையும் கழிவுநீரையும் ஏற்கின்றன. 2016ஆம் ஆண்டு சனவரியில் வெளியான பொலிவுறு நகரங்களின் முதற்பட்டியலில் கோவை இடம்பெற்றது. அதன்பின் பல குளங்களின் கரைகள் சீரமைக்கப்பட்டன. கரை அழகுற்றது கண்ணுக்குத் தெரிகிறது. நீர் நலமுற்றதா என்பதை அறிய ஆய்வுத் தரவே வேண்டும். சீரமைப்புக்கு முன்னும் பின்னும் கிடைத்த மிதவை உயிரித் தரவுகள் தம்முள் ஒப்பிடத்தக்கன அல்ல என்றால், அவ்வினாவிற்கு விடை கூற எவராலும் இயலாது. கடந்துபோன பருவத்தின் நீரை மீண்டும் அள்ளி எண்ண முடியாது. இச்சிக்கலே இக்கட்டுரைக்கு அடிப்படை.

1. எண்ணும் முறையும் அதன்மேல் எழுந்த ஐயமும்

செருமனியின் கீல் நகரில் உடலியங்கியல் பேராசிரியராக விளங்கிய விக்டர் ஹென்சன் 1887இல் பிளாங்க்டன் என்னும் சொல்லை அறிவியலுக்குத் தந்தார். அலைந்து திரிவது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து அது பிறந்தது. கடல் எவ்வளவு மீனைத் தாங்கும் என்பதை அறிய, அம்மீனுக்கு அடிப்படையான உணவை அளக்க வேண்டும் என்று அவர் கருதினார். வயலின் விளைச்சலைக் கணக்கிடுவது போலக் கடலின் விளைச்சலையும் கணக்கிடலாம் என்பது அவர் துணிபு. அந்நோக்குடன் 1889இல் நேஷனல் என்னும் கப்பலில் அட்லாண்டிக் பெருங்கடலில் ஆய்வுப் பயணம் மேற்கொண்டார்.

அடுத்த ஆண்டே எர்ன்ஸ்ட் ஹெக்கல் இம்முறையைக் கடுமையாக மறுத்து நூல் எழுதினார். மிதவை உயிரிகள் கடலில் சீராகப் பரவியிருப்பதில்லை. ஓரிடத்தில் திரளாகவும் மற்றோரிடத்தில் அரிதாகவும் உள்ளன. ஆகவே சில இடங்களில் வலை வீசிப் பெற்ற எண்ணால் கடல் முழுவதையும் அளக்க முடியாது என்பது அவர் வாதம்.

பிற்கால அறிவியல் இருவர் கூற்றிலும் உண்மை உண்டு என்று கண்டது. எண்ணலாம் என்பதில் ஹென்சன் சரி. பரவல் சீரற்றது என்பதில் ஹெக்கல் சரி. எனவே ஒரே இடத்தில் பல மாதிரிகளை எடுத்து, அவற்றுக்குள் உள்ள வேறுபாட்டை முதலில் அறிய வேண்டும். அதன்பின்னரே இடங்களுக்கு இடையிலான வேறுபாட்டைப் பற்றிப் பேச வேண்டும் என்னும் விதி உருவாயிற்று. குளத்திற்கு ஒரு மாதிரி, மாதத்திற்கு ஒருமுறை என அமையும் ஆய்வுகள் இவ்விதியைக் கடந்து செல்கின்றன என்பது கருதத்தக்கது.

2. தமிழகக் கடற்கரை கற்பிக்கும் பாடம்

1947இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகள் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கியது. மண்டபத்தின் ஒருபுறம் பாக் நீரிணையின் ஆழங்குறைந்த கடல். மறுபுறம் மன்னார் வளைகுடா. சில கிலோமீட்டர் இடைவெளியில் இரு வேறு கடல்களை ஒரே ஆய்வாளர் ஒரே கருவியால் ஆராய முடிந்தது. மண்டபத்தை அடுத்த கரையோர நிலையமொன்றில் மிதவை உயிரிகளின் இயல்பை ஆராய்ந்த ஆர். ரகு பிரசாத்தின் கட்டுரை, 1954இல் தொடங்கிய இந்திய மீன்வள ஆய்விதழின் முதல் தொகுதியில் வெளிவந்தது. நிலையான ஓரிடத்தில் தொடர்ந்து மாதிரி எடுக்கும் மரபு அங்கே வேரூன்றியது.

பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் வெள்ளாற்றுக் கழிமுகத்தைத் தலைமுறை தலைமுறையாக ஆராய்ந்து வருகிறது. சேலம் மாவட்ட மலைப்பகுதியில் தோன்றும் வெள்ளாறு அங்கே வங்கக் கடலில் கலக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கழிமுகத்தின் உப்புத்தன்மை வெகுவாகக் குறைகிறது. கோடையில் கடல்நீரின் அளவான ஆயிரத்திற்கு 35 பங்கை நெருங்குகிறது. கழிமுகத்தில் ஓரிடத்திற்கும் மற்றோரிடத்திற்கும் உள்ள வேறுபாட்டைவிட, ஒரே இடத்தில் மழைக்காலத்திற்கும் கோடைக்கும் உள்ள வேறுபாடு பெரிதாக அமையக்கூடும் என்பதே அக்கழிமுகம் தரும் பாடம். இடத்தை ஒப்பிட விழைபவர் காலத்தை நிலைநிறுத்த வேண்டும்.

இவ்விரு இடங்களிலும் பொதுவாக உள்ளவை மூன்று: மாறாத நிலையம், மாறாத கருவி, ஆண்டு முழுதும் தொடரும் மாதிரி. உள்நாட்டு ஆய்வுகள் கடற்கரையிடமிருந்து பெற வேண்டியவை இம்மூன்றே. ஆயினும் பெரும்பாலும் கடன் வாங்கப்படுவது கருவியும் பருவப் பெயர்களும் மட்டுமே. அதனால் நேரும் பிழைகளை இனிக் காணலாம்.

3. வலையும் நீரளவும்

மிதவை உயிரிகள் அளவால் பெரிதும் வேறுபடுபவை. 2 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தவை, 2 முதல் 20 வரை, 20 முதல் 200 வரை, 200 மைக்ரோமீட்டர் முதல் 20 மில்லிமீட்டர் வரை என அவை வகுக்கப்படுகின்றன. எந்த வலையும் இவை அனைத்தையும் பிடிப்பதில்லை. யுனெஸ்கோ 1968இல் பரிந்துரைத்த பொது வலையின் கண்ணளவு 200 மைக்ரோமீட்டர். கடலின் துடுப்புக்காலிகளைப் பிடிக்க அது ஏற்றது. தமிழகக் கடற்கரை ஆய்வுகளில் விலங்கு மிதவை உயிரிகளுக்கு 158 மைக்ரோமீட்டர் வலையும், தாவர மிதவை உயிரிகளுக்கு 48 மைக்ரோமீட்டர் வலையும் பரவலாகப் பயன்பட்டுள்ளன.

குளத்தின் நிலை வேறு. அங்கே விலங்கு மிதவை உயிரிகளில் பெரும்பங்கு வகிக்கும் சக்கர உயிரிகளில் பல 200 மைக்ரோமீட்டருக்கும் சிறியவை. 158 மைக்ரோமீட்டர் வலையின் கண்கள் வழியே அவற்றுள் பல நழுவிவிடும். அவ்வலையால் ஒரு குளத்தையும், 50 மைக்ரோமீட்டர் வலையால் மற்றொரு குளத்தையும் ஆராய்ந்தால், முதற்குளத்தில் சக்கர உயிரிகள் அரிது என்ற முடிவு கிட்டும். அது வலையைப் பற்றிய உண்மையே அன்றிக் குளத்தைப் பற்றிய உண்மை அன்று.

வடிகட்டிய நீரின் அளவும் இத்தகையதே. கடலில் வலையைப் படகின் பின்னே இழுக்கின்றனர். வாயின் விட்டம் 35 செ.மீ. உள்ள வலையின் வாய்ப்பரப்பு ஏறத்தாழ 0.096 சதுர மீட்டர். அரைமணி நேரம் இழுத்ததாக மட்டும் குறித்தால் அளவு தெளிவாகாது. படகு மணிக்கு 1 கி.மீ. வேகத்தில் சென்றால் 500 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 48 கனமீட்டர் நீர் வலையினுள் புகும். மணிக்கு 2 கி.மீ. வேகத்தில் சென்றால் அது 96 கனமீட்டர் ஆகும். ஒரே நேரம், இருமடங்கு நீர். நீரோட்டம் எதிர்த்தாலும் தள்ளினாலும் கணக்கு மேலும் மாறும். வலைவாயில் ஓட்டமானி பொருத்துவதன் தேவை இதனால் விளங்கும்.

ஆழங்குறைந்த குளத்தில் வலையை இழுக்க இடமில்லை. எனவே 50 அல்லது 100 லிட்டர் நீரை வாளியால் முகந்து வலையில் ஊற்றி வடிகட்டுவது வழக்கம். இங்கே நீரளவு திட்டமாகத் தெரியும். ஆனால் துள்ளி விலகும் துடுப்புக்காலிகள் வாளியில் அகப்படாமல் தப்பக்கூடும். மற்றொரு சிக்கலும் உண்டு. பாசி அடர்ந்த நீரில் வலையின் கண்கள் அடைபடுகின்றன. இழுவலையாயின் நீர் உட்புகாமல் வாயிலிலேயே விலகிச் செல்லும். கணக்கிட்ட அளவைவிடக் குறைந்த நீரே உண்மையில் வடிகட்டப்படுவதால், மிகுந்த பாசியுள்ள நீர்நிலையே குறைந்த செறிவுடையதாகத் தோன்றும் முரண் நேர்கிறது.

கணக்கீட்டு முறை எளிது. செறிவு = (1 மி.லி.யில் எண்ணிய உயிரிகள் × வடிகட்டிச் சுருக்கிய நீரின் மி.லி. அளவு) ÷ வடிகட்டிய நீரின் லிட்டர் அளவு. 50 லிட்டர் நீரை வடிகட்டி 100 மி.லி. ஆகச் சுருக்கி, அதில் 1 மி.லி.யைச் செட்ஜ்விக்-ராஃப்டர் எண்ணுகலத்தில் இட்டு 120 உயிரிகளை எண்ணினால், செறிவு லிட்டருக்கு 240. இதனையே கனமீட்டருக்கு 2,40,000 என்றும் கூறலாம். கடலாய்வுகளில் கனமீட்டரும் குளத்தாய்வுகளில் லிட்டரும் அலகுகளாக வழங்குவதால், அட்டவணைகளை அருகருகே வைக்கும்போது ஆயிரம் மடங்கு பிழை நேர இடமுண்டு.

எண்ணிய தொகை சிறிதானால் ஐயம் பெரிதாகும். 100 உயிரிகளை எண்ணினால் பிழையெல்லை ஏறத்தாழ 20 விழுக்காடு. 400 எண்ணினால் 10 விழுக்காடு. ஒரு குளத்து மாதிரியில் 30, மற்றொன்றில் 42 என எண்ணியவர், இரண்டாவது குளம் செறிவு மிக்கது என எழுதுதல் தகாது. முதல் எண்ணின் நம்பக எல்லை ஏறத்தாழ 19 முதல் 41 வரை; இரண்டாவதன் எல்லை 29 முதல் 55 வரை. இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன. மேலும் எண்ணி முடிக்கும் வரை தீர்ப்பு நிற்க வேண்டும்.

4. பருவப் பகுப்பு

தமிழகக் கடற்கரை ஆய்வுகள் ஆண்டை நான்காகப் பகுக்கின்றன: சனவரி முதல் மார்ச் வரை பின்பருவமழைக் காலம், ஏப்ரல் முதல் சூன் வரை கோடை, சூலை முதல் செப்டம்பர் வரை முன்பருவமழைக் காலம், அக்டோபர் முதல் திசம்பர் வரை பருவமழைக் காலம். வடகிழக்குப் பருவமழையே முதன்மையாக உள்ள சோழமண்டலக் கரைக்கு இப்பகுப்பு முற்றிலும் பொருந்தும்.

கோவைக்கு இது பொருந்தாது. நகரில் பெய்யும் மழையின் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தைச் சார்ந்தது என்பது உண்மை. ஆயின் நொய்யல் தோன்றும் வெள்ளியங்கிரி மலைப்பகுதி தென்மேற்குப் பருவமழையைப் பெறுகிறது. சூன் முதல் ஆகத்து வரை மலையில் பெய்யும் மழையால் ஆற்றில் வெள்ளம் வந்து அணைக்கட்டுகள் வழியே வாய்க்கால்களுக்கும் குளங்களுக்கும் செல்கிறது. கடற்கரைப் பகுப்பைக் கையாளும் ஆய்வாளர் சூன் மாதத்துப் புதுவெள்ளத்தைக் கோடைக் கணக்கிலும், சூலை, ஆகத்து வெள்ளத்தை முன்பருவமழைக் கணக்கிலும் சேர்த்துவிடுவார். குளம் நிறைந்து நீர் பெயர்ந்த மாதங்களும், வற்றி நீர் குறுகிய மாதங்களும் ஒரே சராசரிக்குள் கலந்துபோகும்.

இங்கே மற்றொரு நுட்பமும் நோக்கத்தக்கது. இரு பருவங்களும் குளத்திற்குக் கொண்டுவரும் நீர் ஒன்றன்று. தென்மேற்குப் பருவத்தில் வாய்க்கால் வழி வருவது பெரும்பாலும் மலையில் பிறந்த ஆற்றுநீர். வடகிழக்குப் பருவத்தில் நகருக்குள்ளேயே பெய்யும் மழை, தெருவையும் சாக்கடையையும் கழுவிக்கொண்டு குளம் சேர்கிறது. முன்னது நீரைப் பெருக்கிச் செறிவைக் குறைக்கும். பின்னது நீரைப் பெருக்குவதோடு ஊட்டத்தையும் சேர்க்கும். மழைக்காலம் என்னும் ஒரே பெயரால் இவ்விரண்டையும் சுட்டினால் காரணம் மறைந்துவிடும். எனவே கொங்கு நாட்டுக் குளங்களுக்கு நொய்யல் வெள்ளக்காலம், நகர்மழைக் காலம், குளிர்காலம், வற்றற்கோடை எனப் பகுப்பதே பொருத்தமுடையது. நாட்காட்டி மாதத்தைவிட வாய்க்காலில் நீர் வரும் நாளையும் குளத்தின் நீர்மட்டத்தையும் பதிவு செய்வது இன்னும் சிறப்பாகும்.

5. நேரமும் காற்றும்

கடலிலும் ஆழமான நீர்நிலையிலும் விலங்கு மிதவை உயிரிகள் பல பகலில் கீழே இறங்கி இரவில் மேலே வருகின்றன. காலை 6 மணிக்கு ஓரிடத்திலும் நண்பகலில் மற்றோரிடத்திலும் மேற்பரப்பு நீரை எடுத்தால், நேரத்தின் வேறுபாடு இடத்தின் வேறுபாடாகத் தோற்றமளிக்கும். ஒரே நாளில் ஐந்து குளங்களுக்கும் செல்லும் ஆய்வாளர் எப்போதும் ஒரே வரிசையில் சென்றால், இப்பிழை ஆண்டு முழுதும் ஒரே திசையில் சேர்ந்துகொண்டே போகும். வரிசையை மாற்றி மாற்றிச் செல்வது எளிய தீர்வு.

கோவைக்குரிய தனிக்காரணி காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியே வரும் மேலைக்காற்று சூன் முதல் ஆகத்து வரை, குறிப்பாக ஆடியில், விசையுடன் வீசுகிறது. நீலப்பசும்பாசியான மைக்ரோசிஸ்டிஸ் தன் உயிரணுக்களில் உள்ள வளிமக் குமிழ்களால் மேற்பரப்பில் மிதக்கிறது. காற்று அதைத் தள்ளிக் கிழக்குக் கரையில் ஏடாகச் சேர்க்கும். அன்று கிழக்குக் கரையில் முகந்த ஒரு வாளி நீரும் மேற்குக் கரையில் முகந்த ஒரு வாளி நீரும் இரு வேறு குளங்களுக்குரியன போலவே தோன்றும். கரையில் நின்று எட்டும் இடத்தில் மட்டும் நீர் எடுக்கும் ஆய்வு, குளத்தின் நிலையை அன்றிக் காற்றின் திசையையே பதிவு செய்யும். பரிசல் கொண்டு நடுக்குளத்திலும் நான்கு திசைகளிலும் மாதிரி எடுத்தல் இதனால் இன்றியமையாததாகிறது.

6. ஒன்று என எதனை எண்ணுவது?

எண்ணுகலத்தில் காணும் டையாட்டம் தனி உயிரணு. ஆஸில்லட்டோரியா நூலிழை. மைக்ரோசிஸ்டிஸ் நூற்றுக்கணக்கான உயிரணுக்கள் கூடிய கூட்டம். இவை ஒவ்வொன்றையும் ஒன்று என எண்ணுவதும் உண்டு. உயிரணுக்களாகப் பிரித்து எண்ணுவதும் உண்டு. எம்முறையைக் கையாண்டார் என ஆய்வாளர் குறிப்பிடாவிட்டால் அவ்வெண் பிறர்க்குப் பயன்படாது.

விளக்கத்திற்காக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். ஒரு மி.லி. நீரில் 40 மைக்ரோசிஸ்டிஸ் கூட்டங்கள் உள்ளன. கூட்டத்திற்கு 500 உயிரணுக்கள் எனக் கொண்டால் மி.லி.க்கு 20,000 உயிரணுக்கள். உலக சுகாதார நிறுவனம் 2003இல் வெளியிட்ட பொழுதுபோக்கு நீர்நிலைகளுக்கான வழிகாட்டியில், நீலப்பசும்பாசி மி.லி.க்கு 20,000 உயிரணுக்களை எட்டுவதை முதல் எச்சரிக்கை நிலையாகவும், 1,00,000 உயிரணுக்களை அடுத்த நிலையாகவும் குறித்தது. ஒரே நீரை 40 என்று எழுதினால் எவரும் கவலைப்படார். 20,000 என்று எழுதினால் படகோட்டத்தையும் மீன்பிடிப்பையும் பற்றிச் சிந்திக்க வேண்டிவரும். அலகைக் குறிப்பது வெறும் சடங்கன்று. குளக்கரையில் வாழ்வோர் நலத்தைத் தொடுவது.

7. செறிவு மிகுதி நலமாகுமா?

மிதவை உயிரிகள் மிகுந்தால் மீன் பெருகும். ஆகவே செறிவு மிகுந்த இடமே வளமான இடம் என்னும் கருத்து கடலாய்விலிருந்து வந்தது. ஊட்டம் குறைந்த திறந்த கடலுக்கு அது ஓரளவு பொருந்தும். கடலிலேயே அதற்கு எல்லையும் உண்டு. 2008ஆம் ஆண்டு அக்டோபரில் மன்னார் வளைகுடாவில் நாக்டிலூக்கா சின்டில்லன்ஸ் பெருகிக் கடல்நீர் பச்சை நிறமாயிற்று. மீன்களும் பிற உயிர்களும் மடிந்தன. 2019 செப்டம்பரிலும் பாம்பனை ஒட்டிய கடலில் இந்நிலை கண்டது. செறிவு உச்சத்தைத் தொட்ட நாளே உயிரிழப்பின் நாளாயிற்று. அவ்வளைகுடாவின் தெளிந்த பவளப்பாறை நீரில் செறிவு குறைவாக இருப்பதே இயல்பு. அக்குறைவு வறுமை அன்று.

கழிவுநீர் ஏற்கும் குளத்தில் நைட்ரசனும் பாஸ்பரசும் மிகுகின்றன. பாசி பெருகிப் பகலில் ஆக்சிசனை மிகுதியாக வெளியிடுகிறது. இரவில் பாசியும் பிற உயிர்களும் சுவாசிக்க, விடியுமுன் கரைந்துள்ள ஆக்சிசன் வீழ்கிறது. விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்திற்கு வந்து வாய் திறப்பதும் செத்து மிதப்பதும் இதன் விளைவு. நண்பகலில் மட்டும் ஆக்சிசனை அளந்த ஆய்வு அக்குளத்தை நலமுடையதாகக் காட்டும் என்பதையும் இங்கே சேர்த்து எண்ண வேண்டும்.

செறிவோடு பன்மயத்தையும் கணக்கிடுவது இம்மயக்கத்தைத் தீர்க்கும். விளக்கத்திற்கென இரு கற்பனைக் குளங்களைக் கொள்வோம். முதற்குளத்தில் லிட்டருக்கு 1,00,000 உயிரிகள். பத்துச் சிற்றினங்களுள் ஒன்று மட்டும் 91 விழுக்காடு, ஏனைய ஒன்பதும் ஒவ்வொரு விழுக்காடு. இரண்டாம் குளத்தில் லிட்டருக்கு 4,000 உயிரிகள். பத்துச் சிற்றினங்களும் சம அளவு. ஷானன் பன்மயக் குறியீட்டை இயல் மடக்கையால் கணக்கிட்டால் முதற்குளத்திற்கு 0.50, இரண்டாவதற்கு 2.30 கிட்டும். செறிவில் 25 மடங்கு உயர்ந்த குளம் பன்மயத்தில் மிகத் தாழ்ந்துள்ளது. இதே தரவை இரண்டின் அடிமான மடக்கையால் கணக்கிட்டால் 0.72, 3.32 என வரும். மடக்கையின் அடிமானத்தைக் குறிப்பிடாமல் வேறொருவரின் குறியீட்டோடு ஒப்பிடுவது பிழையாகும் என்பதும் இதனால் விளங்கும்.

சி. எம். பாமர் 1969இல் வகுத்த பாசி மாசுக் குறியீடும் இந்திய நன்னீர் ஆய்வுகளில் மிகுதியும் கையாளப்படுகிறது. கரிமக் கழிவைத் தாங்கும் 20 பேரினங்களுக்கு மதிப்பெண் தந்து, கூட்டுத்தொகை 20 அல்லது அதற்கு மேலானால் மிகுந்த கரிம மாசு எனக் கொள்வது அம்முறை. அதில் யூக்ளினாவுக்கும் ஆஸில்லட்டோரியாவுக்கும் 5 மதிப்பெண். மைக்ரோசிஸ்டிஸுக்கு 1 மட்டுமே. மைக்ரோசிஸ்டிஸ் ஏடு படர்ந்து நச்சு அச்சம் மிகுந்த குளம் இக்குறியீட்டில் தாழ்ந்த மதிப்பெண் பெறக்கூடும். கரிமக் கழிவு வேறு, ஊட்ட மிகை வேறு. எவ்வினாவிற்கு எக்குறியீடு விடை தரும் என்பதை ஆய்வாளர் முன்னரே தெளிதல் வேண்டும்.

8. நொய்யலின் செயற்கைக் கழிமுகம்

கழிமுகத்தில் உப்புத்தன்மை கடலை நோக்கிப் படிப்படியாக உயர்கிறது. அதற்கேற்ப மிதவை உயிரிகளும் மாறுகின்றன. இயற்கையில் கடற்கரைக்குரிய இந்நிலை, கொங்கு நாட்டில் நொய்யலின் கீழ்ப்பகுதியில் மனிதரால் தோன்றிற்று. திருப்பூரின் சாயப்பட்டறைகளிலிருந்து வெளியேறிய உப்புக்கழிவு ஆற்றில் கலந்து, 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்திற்கென எழுந்த அணையின் நீரே பாசனத்திற்கு உதவாததாயிற்று. சென்னை உயர்நீதிமன்றம் 2011 சனவரியில் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது இவ்வழக்கின் முக்கியக் கட்டம்.

இத்தகைய நீரில் பேரின அளவிலான பட்டியல் போதாது. பிராக்கியோனஸ் என்று மட்டும் குறித்தால், நன்னீரில் வாழும் பிராக்கியோனஸ் கேலிசிஃப்லோரஸும் உவர்நீரில் வாழும் பிராக்கியோனஸ் பிளிக்காட்டிலிஸும் ஒன்றாகிவிடும். செறிவு எண் மாறாமலே ஒன்றின் இடத்தை மற்றொன்று பிடிக்கக்கூடும். வெள்ளியங்கிரி அடிவாரத்திலிருந்து கரூர் மாவட்டத்தில் நொய்யல் காவிரியோடு கூடும் இடம் வரை, மின்கடத்துத்திறனை அளந்து அதனோடு சிற்றினங்களை இணைத்துப் பார்ப்பதே அவ்வாற்றுக்கு ஏற்ற ஒப்பீடு. இங்கேதான் கழிமுக ஆய்வாளரின் பட்டறிவு உள்நாட்டு ஆய்வாளருக்கு நேரடியாகப் பயன்படும்.

9. பொதுப் பதிவு முறை

கோவைக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் குளங்களை ஆராய்வோர் பின்வருவனவற்றைத் தம் ஆய்வேடுகளில் தவறாமல் பதிவு செய்தால், தனித்தனி ஆய்வுகள் காலப்போக்கில் ஒரே தொடராக இணையும்.

1. வலையின் கண்ணளவு மைக்ரோமீட்டரில். தாவர மிதவை உயிரிகளுக்கு வடிகட்டாத நீரை லூகால் அயோடின் கரைசலில் பதப்படுத்திப் படியவைத்து எண்ணிய தொகையும் உடன்.

2. வடிகட்டிய நீரளவும் சுருக்கிய அளவும் எண்ணிய உயிரிகளின் உண்மைத் தொகையும். இறுதிச் செறிவை மட்டும் தருதல் போதாது.

3. குளத்திற்குக் குறைந்தது ஐந்து நிலையங்கள். சராசரியோடு அவற்றின் விலக்கமும்.

4. மாதிரி எடுத்த நேரம், காற்றின் திசை, குளத்தின் நீர்மட்டம், வாய்க்காலில் நீர் வரத்து.

5. எண்ணிய அலகு: உயிரணுவா, நூலிழையா, கூட்டமா என்னும் குறிப்பு.

6. விடியுமுன் அளந்த கரைந்த ஆக்சிசனும் நண்பகலில் அளந்ததும்.

7. பதப்படுத்திய மாதிரியின் ஒரு பகுதியைத் துறையிலேயே பாதுகாத்தல். பின்வருவோர் ஐயுற்றால் மீண்டும் எண்ணிப் பார்க்க அதுவே சான்று.

இவற்றுள் விலையுயர்ந்த கருவியைக் கோருவது எதுவுமில்லை. குறிப்பேட்டில் சில வரிகள் கூடுதலாக எழுதும் பொறுமையே வேண்டப்படுகிறது.

முடிவுரை

மிதவை உயிரிச் செறிவு என்பது நீரும் கருவியும் காலமும் கூடிப் பிறக்கும் எண் என்பது மேற்கண்டவற்றால் தெளிவாகிறது. மண்டபத்திலும் பரங்கிப்பேட்டையிலும் அவ்வெண் பொருளுடையதாயிற்று எனின், மாறாத நிலையமும் மாறாத முறையுமே அதற்குக் காரணம். கொங்கு நாட்டு ஆய்வாளர் கடற்கரையிடமிருந்து கற்க வேண்டியது அவ்வொழுங்கை. விட வேண்டியன அதன் பருவப் பகுப்பும், செறிவு மிகுதியே வளம் என்னும் எண்ணமும்.

கோவைக் குளங்கள் இன்று பெருஞ்செலவில் சீரமைக்கப்படுகின்றன. கழிவுநீரைத் தடுத்ததால் குளம் தேறியதா என்பதை இனிவரும் ஆண்டுகளில் எவரேனும் கேட்பர். தெளிந்து வரும் குளத்தில் மிதவை உயிரிச் செறிவு குறையக்கூடும். செறிவை மட்டும் நோக்குபவர் அதனைச் சீரழிவு என எழுதிவிடுவார். அத்தவறு நேராதிருக்க, எண்ணோடு அவ்வெண் பிறந்த சூழலையும் ஒவ்வொரு ஆய்வேடும் சேர்த்துத் தர வேண்டும். அங்ஙனம் தந்தால் இன்று ஒரு முதுகலை மாணவர் சிங்காநல்லூர் குளக்கரையில் எண்ணிய எண், இருபது ஆண்டுகளுக்குப் பின் மற்றொருவர் எண்ணும் எண்ணோடு ஒப்பிடத்தக்கதாக நிற்கும்.